கூடுதலாய் ஒரு கண்ணி

மலைப்பாதையின் எழுபதாவது வளைவில் பஸ் திரும்பும்போது அருள்மொழி இரண்டாம் தடவையாக வாந்தி எடுத்தாள். அனுராதா கையை நீட்டினாள். நாலு வயதுக் குழந்தை அந்தக் கையைத் தாண்டி எட்டி, அப்பாவின் சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா துடைச்சு விடறேன், வா சாமி."

"வேண்டாம். இருமல் ஒட்டிக்கும்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அனுராதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே மூடுபனி. மிளகுக்கொடி ஏறிய மரங்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை.

அது 1999, கார்த்திகை மாதம். அதற்கு முன் பதினெட்டு மாதங்கள் அவள் காசநோய்க்காகத் தனியாகக் கிடந்தவள். முதலில் ஆஸ்பத்திரியில், பிறகு பிறந்த வீட்டுப் பின்னறையில். தனித்தட்டு, தனி டம்ளர், தனிப்பாய். இப்போது முழுக்க குணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தச் சீட்டைக் குழந்தையிடம் காட்டி என்ன செய்வது? அம்மாவிடம் போகாதே என்று சொல்லக் கேட்டே வளர்ந்த குழந்தை.

வளர்த்தது நாத்தனார் ருக்குமணி, மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சியில். பிள்ளை இல்லாதவள். பஸ் ஏற்றி விடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"தை பொறந்து வாரேன் அனு. புள்ள உங்கிட்ட ஒட்டிக்கிச்சுன்னா எனக்குச் சந்தோசம். இல்லீன்னா நானே கூட்டிட்டுப் போயிர்றேன். சின்னதை ஏங்க வெக்கக் கூடாது பாரு."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் அனுராதாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அனுராதாவின் கணவன் சசிதரன் கால்நடை ஆய்வாளர். மாட்டுக்கு ஊசி போட அரியூர் நாடு, ஆலத்தூர் நாடு என்று மலைக்கிராமங்களுக்கு மொபெட்டில் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். வாசலூர்பட்டி போகும் ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் சமையலறை, பின்னால் ஒரு சின்ன அறை. அந்த அறைக்கு உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். கதவைத் திறந்ததும் பினாயில் வாடை வந்தது. அதற்கு அடியில் திரிந்துபோன பால் போல இன்னொரு வாடை.

ஆஸ்பத்திரி வாடை தன் மேலேயே ஒட்டியிருக்கிறது என்று அனுராதா நினைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் குழந்தை இரண்டு பாய் தூரத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் வாரம் ஒரு பாய் தூரம். அத்தை வீட்டில் விட்டுவந்த செம்மறிக்குட்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவாள். "வெள்ளச்சி என் கால்ல படுத்துத் தூங்கும்," என்பாள். உடனே அழுகை வரும்.

அப்போதுதான் வெள்ளச்சியைப் போலவே ஒரு பொம்மை பின்னிக் கொடுக்கலாம் என்று அனுராதாவுக்கு யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் தாமரைச்செல்வி அவளுக்குக் குரோஷா பின்னக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒரு கொக்கி ஊசியும் நூலும் இருந்தால் போதும், பூனை, யானை எல்லாம் வந்துவிடும். சசிதரன் சேலத்திலிருந்து உல்லன் வாங்கி வந்தான். வெள்ளை நிறம், சுருள் சுருளாக, நிஜ ஆட்டு மயிர் மாதிரி.

"இதைப் பார்த்ததும் எனக்கு வெள்ளச்சி ஞாபகந்தான் வந்துச்சு," என்றான் பெருமையாக.

அழகான நூல். ஆனால் பின்னுகிறவளின் பிராணனை வாங்கும் நூல். சாதா உல்லன் என்றால் பின்னலின் ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரியும். இதில் எல்லாம் ஒரே பஞ்சுக்குவியல். விரலால் தடவித்தான் கண்ணியைக் கண்டுபிடிக்க வேண்டும், தடவித்தான் எண்ண வேண்டும். முதல் வட்டத்தில் ஆறு, அடுத்ததில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு, பிறகு இருபத்துநாலு. ஒன்று கூடினாலும் குட்டியின் வயிறு ஒரு பக்கம் பிதுங்கிவிடும்.

பகலெல்லாம் தண்ணீர் எடுக்கவும் விறகு அடுப்பு ஊதவும் சரியாக இருந்தது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் உட்கார முடிந்தது.

கீரையும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவரும் கண்ணாயி அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க அம்மிணி, வெளக்கு வெச்சப்புறம் ஊசி எடுக்கலாமுங்களா?"

"இது ஊசி இல்லீங்க. கொக்கி. முனை பாருங்க, குத்தாது."

"நூலுக்கு அது தெரியுமுங்களா?" என்றாள் கண்ணாயி. சிரித்தாள். ஆனால் உள்ளே வராமல் கிழங்கை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று எண்ணியபோது இருபத்தைந்து வந்தது.

பிரித்தாள். சுருள் நூல் பிரிக்கும்போது ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டது. அரைமணி நேரம் சிக்கெடுத்து மறுபடி பின்னினாள். ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணிக்கொண்டே.

இருபத்தைந்து.

"கணக்குல நீ பார்டர் பாஸுன்னு உங்கப்பாவே சொன்னாரு," என்றான் சசிதரன் சாப்பிட்டுக்கொண்டே.

"நீங்க எண்ணுங்க பாப்போம்."

அவன் கை கழுவிவிட்டு வந்து எண்ணினான். இருபத்துநாலு. அவள் வாங்கி எண்ணினாள். இருபத்தைந்து. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு. ஒரு பாய் தூரம் வரை வந்திருந்த குழந்தை மறுபடி இரண்டு பாய்க்குத் தள்ளிப் போயிருந்தாள். சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, அம்மாவின் கையை அல்ல, அதற்குக் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு பாக்கற?"

குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பத்து நாள் இப்படியே போனது. பின்னுவாள், கூடிவிடும், பிரிப்பாள். மார்கழிக் குளிர் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கியது. ஒருநாள் ஆத்திரத்தில், கூடினால் கூடட்டும் என்று அப்படியே பின்னிக்கொண்டு போனாள். உடம்பு முடிந்தது. இடப்பக்கம் பிதுங்கியிருந்தது. வயிற்றில் விட்ட ஓட்டை வழியாக இலவம்பஞ்சைத் திணிக்க ஆரம்பித்தாள்.

கரண்ட் போனது.

சிம்னி விளக்கு சமையலறையில் இருந்தது. குழந்தை எதிர்ச் சுவரோரம் தூங்கிவிட்டிருந்தாள். இது ஒன்றும் பார்த்துச் செய்கிற வேலை இல்லையே என்று அனுராதா இருட்டிலேயே தொடர்ந்தாள். ஆள்காட்டி விரலால் பஞ்சை உள்ளே தள்ளினாள். இன்னும் உள்ளே. கால் சேரும் மூலை வரைக்கும்.

அங்கே பஞ்சு சூடாக இருந்தது.

பினாயில் வாடை மெதுவாகக் கூடத்துக்குள் வந்தது.

அவள் விரலை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அவள் விரலைச் சுற்றிப் பிடித்திருந்தது. பிறந்த குழந்தை பிடிப்பது போல் அல்ல. நெடுநாள் யாரையும் பிடிக்காத கை பிடிப்பது போல.

அவள் உதறினாள். குட்டி எங்கோ போய் விழுந்தது. விழுந்த சத்தம் பஞ்சு விழும் சத்தமாக இல்லை.

அன்றிரவு சசிதரன் டார்ச் அடித்து, பஞ்சை முழுக்க வெளியே எடுத்துப் பார்த்தான். "எலிக்குஞ்சு ஏதாச்சும் இருந்திருக்கும் அனு," என்றான். ஆனால் அந்தப் பஞ்சைத் திரும்பப் போடாமல் அடுப்பில் போட்டான்.

மறுநாள் காலை அவள் கண்ணாயியை மறித்தாள். "இந்த ஊட்டுல முன்னால யாரு இருந்தாங்க?"

கண்ணாயி கூடையை இறக்கவில்லை. "சர்வேயர் குடும்பமுங்க. ஆறேழு வயசுல ஒரு பொண்ணு. ஏதோ ஒட்டுற காய்ச்சல்னு பின்னால ரூம்புல போட்டுட்டாங்க. சோத்தைக் கதவோரம் தள்ளி விடுவாங்க. ஒரு மாசம். யாரும் தொடல." கூடையைச் சரிசெய்துகொண்டாள். "கடைசியில தூக்கறதுக்குத்தானுங்க தொட்டாங்க."

பிறந்த வீட்டுப் பின்னறையில் அனுராதாவின் சோறும் கதவோரம் தள்ளிவிடப்பட்ட சோறுதான்.

வேறொரு பெண்ணாக இருந்தால் குட்டியைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்திருப்பாள். ஆனால் அன்று மத்தியானமே ருக்குமணியின் கார்டு வந்தது. தை பிறந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இத்தனை நாள் பின்னிப் பிரித்தது ஒன்றுமில்லாமல் போவதா? பட்டப்பகலில், வாசல் வெயிலில் உட்கார்ந்து புதுப்பஞ்சு அடைத்தாள். குச்சியால்தான் தள்ளினாள், விரலை விடவில்லை. நாலு கால் தைத்தாள், சட்டைப் பொத்தானில் கண் வைத்தாள். கோணலாக இருந்தாலும் அது செம்மறிக்குட்டிதான். யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் சசிதரன் ஊசி போடப் போயிருந்தான்; ருக்குமணி முறுக்கு டின்னோடு வந்தாள். அருள்மொழி ஓடிப்போய் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அனுராதா எதிரில் பாயில் உட்கார்ந்து குட்டியை நீட்டினாள்.

"இந்தா கண்ணு. வெள்ளச்சி. அம்மா செஞ்சது."

குழந்தை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது அக்காவோடது."

"எந்த அக்கா?"

"உன் மடியில உக்காந்திருக்குதே. அந்த அக்கா."

ருக்குமணியின் கையிலிருந்த முறுக்கு நொறுங்கியது.

"நான் வந்தா அக்கா முறைக்குது," என்றாள் அருள்மொழி. புகார் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "எடம் இல்ல, போங்குது."

ருக்குமணி எழுந்து கொடியில் கிடந்த குழந்தையின் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.

"தப்பா நெனச்சுக்காத அனு. இந்த ஊட்டுல புள்ளைய விட மாட்டேன். மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறோம். நீயும் வேணும்னா வா."

அனுராதா வாதாடவில்லை. குட்டியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தரையில் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஜன்னலிலிருந்து ஒரு முழம் வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது.

"இது உனக்குத்தான்," என்றாள், குட்டியை முன்னால் வைத்து. "யாரும் தொடாமக் கெடக்கறது எப்படின்னு எனக்குந் தெரியும் சாமி. இதை வெச்சுக்க. ஆனா என் மடி எம் புள்ளைக்கு. எறங்கிக்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"எறங்கு கண்ணு."

வெளியே ருக்குமணி பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எறங்குன்னு சொல்றேன்ல!" அனுராதா கத்தினாள். கத்திய வேகத்தில் அழுகை உடைந்தது. எத்தனை மாதத்து அழுகையோ. "ஒன்னே ஒன்னுதாண்டி கேட்டேன். எம் புள்ள ஒரு தடவை என் மடியில உக்காரணும். அதுக்குக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லியா?"

அழுதுகொண்டே கையை மடியில் போட்டாள்.

மடி வெறுமையாக இல்லை.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வாரக்கணக்காகப் பார்க்காமல் தடவியே கண்டுபிடிக்கப் பழகிய விரல்கள் அவை. சுருள் சுருளாக ஏதோ தட்டுப்பட்டது.

உல்லன் அல்ல.

தலைமுடி. எண்ணெய் காணாத, சிக்கு விழுந்த, ஈரமான முடி.

கையை எடுத்துவிடத்தான் நினைத்தாள். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் இந்த முடியையும் கடைசியாக யார் தொட்டார்கள் என்று நினைத்ததும் கை எழவில்லை. மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். ஒரு சிக்கை விரலாலேயே எடுத்துவிட்டாள். பிறகு இன்னொன்றை.

மடியில் இருந்தது மூச்சு விட்டது.

கதவு கிரீச்சிட்டது. அருள்மொழி தோளில் பையோடு நின்றாள். பின்னால் ருக்குமணி, "கிட்டப் போகாத சாமி, வந்துரு," என்று கிசுகிசுத்தாள். குழந்தை கேட்கவில்லை. அம்மாவின் மடியையே பார்த்துக்கொண்டு, யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். பிறகு பையைக் கீழே போட்டாள். நடந்து வந்தாள். அம்மாவின் வலது தொடையில் ஏறி உட்கார்ந்து, கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டாள்.

பாலும் முறுக்கும் கலந்த குழந்தை வாசனை. அனுராதா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூணு மணி பஸ்ஸில் ருக்குமணி தனியாகத்தான் போனாள். எவ்வளவு இழுத்துப் பார்த்தும் குழந்தை அம்மாவின் கழுத்தை விடவில்லை. "பத்திரம் அனு," என்று மட்டும் சொன்னாள் ருக்குமணி. அனுராதாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அதற்குக் கீழே அவள் பார்வையை இறக்கவே இல்லை.

சாயங்காலம் சசிதரன் வந்தபோது தாயும் மகளும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மொபெட்டை நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். எத்தனை நாளாக இதைப் பார்க்கக் காத்திருந்தவன். கண் கலங்கிவிட்டது.

"என்னடி அருளு, ஓரமா உக்காந்திருக்க? விழுந்துருவ. நல்லா நடுவுல உக்காரு."

"முடியாதுப்பா," என்றாள் அருள்மொழி, அம்மாவின் வலது தொடையிலிருந்து நகராமல். "பாதிதான் என்னோடது. அக்கா அவ்வளவுதான் குடுத்துச்சு."

சசிதரன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

அனுராதா சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் முயலவில்லை. அவளுடைய இடது தொடை பாரத்தில் மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.