வாளித் தண்ணீர்

வாளியில் தண்ணீர் குறையவே இல்லை.

மெக்கானிக் ரஹ்மத்துல்லா இன்னொரு முறை குனிந்து பார்த்தார். மழைக்காலத்துக்குப் பாய்மரப் படகைக் கட்டிப்போடுவதற்கு முன், ஆற்று நீரை உள்ளே விடும் வால்வை அடைத்து, குழாயின் முனையை நல்ல தண்ணீர் வாளிக்குள் போட்டு இன்ஜினை ஓட்டுவார்; உப்பும் சேறும் கழுவிக்கொண்டு போய்விடும். இரண்டு நிமிஷத்தில் ஒரு வாளி காலியாக வேண்டும். டீசல் புகையும் ஈரக்கயிற்று வாடையும் முட்டும் கீழ்த்தட்டு இடுக்கில் இன்ஜின் பத்து நிமிஷமாக உறிஞ்சுகிறது, போட்டாதாங் படகுத்துறையில் விடியலிலிருந்து பெய்யும் மழை மேல்தட்டில் தடதடக்கிறது, வாளி மட்டும் அப்படியே நிற்கிறது.

“விக்டோரியா, பின்னாடி தண்ணி வருதா?”

“கொட்டுதுண்ணே. ஆத்துத் தண்ணியாட்டம், ஒரே சேறு.”

வால்வைத் தொட்டார். அடைத்துத்தான் இருந்தது.

விக்டோரியா அகஸ்டினின் மனைவி. போன வருஷம் இதே படகின் அடியில் பாசி சுரண்ட முங்கியவன் அகஸ்டின். மேலே யாரும் இன்ஜினை ஓட்டிவிடாதபடி, முங்குகிறவன் அதன் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவது துறை வழக்கம். ரஹ்மத்துல்லா பழைய பம்பைப் புதிதென்று மாட்டியதை முதலாளியிடம் சொல்லப்போவதாக அவன் சொல்லியிருந்தான். அவரிடம் யாருக்கும் தெரியாத இன்னொரு சாவி இருந்தது. ஸ்டார்ட் செய்தார், கியரைத் தள்ளினார்; அடியில் விசிறி சுழன்றது. எதிர்க்கரை ஃபெரி அடித்துவிட்டதென்று எல்லோரும் நம்பினார்கள். படுபாவி, சவப்பெட்டிக்குத் தோளும் கொடுத்தார்.

“அண்ணே.” மேலிருந்து அவள் குரல் சாதாரணமாக வந்தது. “அவரு கழுத்துல கெடந்த சாவிய முதலாளி என்கிட்டதான் குடுத்து வச்சிருக்காரு. ஒரே சாவின்னாரு. நீங்க எத வச்சு ஸ்டார்ட் பண்ணீங்க?”

குழாய் வாளியில் துள்ளியது. அதைப் பிடிக்க வாளிக்குள் கையை விட்டார்.

அடி தட்டவில்லை.

முழங்கை. தோள். ஆற்றின் குளிர், அதன் இழுப்பு. படகின் அடிப்பலகை புறங்கையில் உரசியது. பாசி. பிறகு விரல்கள். அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. அசையாமல் நின்ற விசிறியின் இதழ்மேல் அவர் கையை இழுத்து வைத்தன.

“ஆஃப் பண்ணு! விக்டோரியா, ஆஃப் பண்ணும்மா!”

அவள் படியருகே எட்டிப் பார்த்தாள். வாளிக்குள் தோள்வரை போயிருந்த கையைப் பார்த்தாள். திகைக்கவில்லை.

“அவரும் இப்பிடித்தான் கத்தியிருப்பாரு. தண்ணிக்கடியில, யாருக்கு கேக்கும்?”

பிறகு அவள் படியருகே இருந்த கியரின்மேல் கை வைத்து, அவர் கண்ணைப் பார்த்தபடியே, மெல்ல முன்னால் தள்ளினாள்.