எக்ஸ்ரே பிலிம் கவுன்

காலையில் தைத்து முடித்தபோது, எக்ஸ்ரே படத்திலிருந்த அந்தக் கையின் விரல்கள் விரிந்திருந்தன. மருத்துவமனை கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துளையிட்டு, நைலான் நூலால் கோத்து அந்தக் கவுனை உருவாக்கியவள் கனிகெய். எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவாள். இப்போது இடுப்புப் பக்கம், முகம் தெரியாத யாரோ ஒருவரின் விரலெலும்புகள் பாதி மடங்கியிருந்தன.

தூங்காத கண் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாளை மாலை ஆடைக் கண்காட்சி. ஜன்னலுக்கு வெளியே பிஷ்கெக் நகரத்தின் நிலக்கரிப் புகை பகல் மூன்று மணியையே அந்தியாக்கியிருக்க, சுவருக்குள் வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்று தட்ட, பழைய பிலிமின் காடி வாடை தொண்டையில் புளிக்க, அவள் இருப்புக்கொள்ளாமல் கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

அளவு பார்க்க மாடல் பெண் பெர்மெத் வந்தாள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும்போதே சிரிப்பு. கனிகெயை ‘எஜே’, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“எஜே, ஊரான் எலும்பையெல்லாம் எனக்கு மாட்டி விடுறீங்க. நாளைக்கு ஒருத்தன் வந்து, ‘என் விலா எலும்பைக் குடு’ன்னு கேட்டா?”

“வாயை மூடுடி. எல்லாம் இருமலுக்குப் படம் எடுத்தவங்க. எங்கயாவது உக்காந்து லக்மான் நூடுல்ஸ் தின்னுட்டு இருப்பாங்க.”

மடங்கிய விரல்களைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். சொன்னால் இவள் போட மாட்டாள். கவுனை எடுத்து விரித்தாள்.

கவுன் சரசரத்தபடி பெர்மெத்தின் மேல் இறங்கியது. கனிகெய் குண்டூசி எடுக்க மேசைக்குப் போனாள்.

“எஜே, இவ்வளவு இறுக்காதீங்க.”

கனிகெய் திரும்பினாள். இருவருக்கும் நடுவே நாலடி தூரம்.

“எஜே... மூச்சு...”

ஓடினாள். முதுகுக் கயிறு முடிச்சுப் போடாமலே தொங்கியது. இடுப்பில் மட்டும் பிலிம் உள்ளே அமுங்கியிருந்தது. விரல்கள் முழுக்க மடங்கியிருந்தன. இரண்டு பக்கமும். இரண்டு கைகள்.

அவள் தைத்தது ஒன்றைத்தான்.

“அசையாதே!”

கத்தரி. பக்கத் தையல். நூல் அறுந்தது. இன்னொன்று. பெர்மெத்தின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். அந்தப் பெண் இருமிக்கொண்டே, வெறுங்காலோடு, கதவைத் திறந்து படிகளில் ஓடினாள்.

கனிகெய் கத்தரியோடு கவுனின் பக்கம் திரும்பினாள்.

கவுன் கீழே விழவில்லை. நின்றது. வெட்டிய பக்கம் திறந்தபடி. உள்ளே யாரும் இல்லை.

கழுத்தருகே, பிலிமின் உட்புறத்தில், வெள்ளையாக மூச்சு படிந்தது. மறைந்தது.

மறுபடி படிந்தது. இம்முறை சற்று வேகமாக.