ஓரினின் கைவேலை

“நீங்க இதைச் சரி பண்ணிட்டா, இது உங்க காரு ஆயிடுமா?”

முதல் பனி விழுவதற்குச் சற்று முன்பு, கராஜ் வாசலில் நின்றுகொண்டு டெல்லா கேட்டாள். ஹார்லனின் மனைவி மார்லிஸின் பேத்தி, ஐந்து வயது. ஹார்லன் சிரித்தார். அந்தக் கேள்வி மட்டும் ஷூவுக்குள் புகுந்த சிறு கல்லைப்போல் குளிர்காலம் முழுவதும் அவரோடு நடந்தது.

அந்தச் சிவப்பு வண்டிக்கு இரண்டே இருக்கைகள். மார்லிஸின் முதல் கணவன் ஓரின் இளவயதில் வாங்கியது. அவன் இறந்தபின் போர்வைக்கு அடியில் கிடந்தது. ஹார்லன் கெட்ட மனிதர் அல்ல. கணவனை இழந்த பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் யாரும் கேட்காமலே பனியை அள்ளிப் போட்டவர். அவர்களுடைய திருமணமே அந்தப் பனியில்தான் தொடங்கியது. வருகிற ஈஸ்டர் அன்று அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று மார்லிஸுக்கு ஆசை. “தேஞ்சதை மட்டும் மாத்திக் கொடு, போதும்,” என்றாள். அவரும் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார்.

ஆனால் எதைப் பிரித்தாலும் உள்ளே ஓரின் இருந்தான். கியர் தண்டின் அடியில், தேய்ந்த புஷ் வளையத்துக்குப் பதிலாகப் பால் கேனின் நீல மூடி, அளவாக வெட்டியது. தொங்கிப்போன கதவின் கீலுக்குள் பழைய பெல்ட்டின் தோல் துண்டு. ஆக்சிலரேட்டரைத் திரும்ப இழுக்கச் சமையலறை வலைக்கதவின் ஸ்பிரிங். மார்லிஸ் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“கஞ்சப் பய. கடையில ஒரு சாமான் வாங்கினதா சரித்திரமே கிடையாது. கதவு ஏன்டா சாத்த மாட்டேங்குதுன்னு நான் ஒரு கோடை முழுக்கக் கத்தினேன். இவன் ஒண்ணுமே தெரியாத மாதிரி ஈ அடிச்சிக்கிட்டு உட்காந்திருந்தான்.”

அந்தச் சிரிப்பை ஹார்லன் அதுவரை கேட்டதில்லை. அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்ட இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

எல்லாவற்றுக்கும் புதுச் சாமான் வரவழைத்தார். ஓரினுடையதையெல்லாம் குப்பைத் தொட்டியில் போட்டார்.

புது புஷ்ஷைப் போட்ட மறுநாள் காலை, கியர் தண்டு கைக்கு வேறு மாதிரி அசைந்தது. புதுசுக்கே உரிய விறைப்பு இல்லை. நெடுநாள் பழகிய ஒன்றின் இணக்கம் இருந்தது. பிரித்துப் பார்த்தார். நீல மூடி.

“நேத்து நீ கராஜுக்குப் போனியா?”

“இந்தக் குளிர்லயா? எனக்கென்ன பைத்தியமா?” மார்லிஸ் முட்டையைத் திருப்பிப் போட்டாள். “என்ன ஹார்லன், செத்தவன்கூடப் போட்டி போடுறியா? பாத்து. அவன் சீட்டாட்டத்துலயே தோக்க மாட்டான்.”

மூடியை மறுபடி தூக்கி எறிந்தார். அடுத்து தோல் துண்டு திரும்பி வந்தது. அதற்கடுத்து ஸ்பிரிங். சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில், ஓடும் தண்ணீருக்கும் ஹீட்டரின் முனகலுக்கும் அடியில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ராட்செட் ஸ்பேனரை அவசரமில்லாமல், வேலையை ரசித்தபடி டிக் டிக்கென்று சுற்றுவது போன்ற சத்தம் கேட்கும். குழாயை மூடினால் அதுவும் நின்றுவிடும். கராஜ் கதவைத் திறந்தால் ஆள் இருக்க மாட்டான். வண்டியின் இருக்கைகளில் ஊறிக்கிடந்த, ஓரின் மென்ற புகையிலையின் தைல வாசனை மட்டும், இப்போதுதான் யாரோ மூச்சுவிட்டதைப்போல, ஈரமாக முகத்தில் படும்.

பயந்தார். பயத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை, மார்லிஸ் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போன பிறகு, அவர் வண்டியை ஸ்டாண்டுகளில் ஏற்றி அடியில் புகுந்தார். ஸ்டியரிங் தண்டின் இரண்டு பகுதிகளையும் இணைக்கிற ரப்பர் வட்டு ஒன்றுதான் பாக்கி. அங்கேயும் ஓரின்: பழைய டயரிலிருந்து வெட்டிய வட்டு, துளைகள் அச்சுப்போல் சுத்தம். அதைக் கழற்றித் தொட்டியில் எறிந்தார். புதியதைப் பொருத்தினார். நட்டுகளை விரலால் மட்டும் திருகினார்.

விரலால் மட்டும்.

ஸ்பேனர் பக்கத்திலேயே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. தெருமுனையில் ஸ்டியரிங் கொஞ்சம் ஆட்டம் காட்டட்டும், அவள் பயந்துபோகட்டும், இந்தச் சனியனே வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் மனம் எதையும் யோசிக்க மறுத்தது.

உள்ளே போய்க் கை கழுவினார். ரொட்டியும் சூப்பும் எடுத்து வைத்து, வழக்கம்போல் தலை குனிந்தார். ஜெபம் வரவில்லை. முதல் வார்த்தையே வரவில்லை. தெருமுனையில் ஏரிக்கரைச் சரிவு. பனி இன்னும் முழுக்க உருகவில்லை. அந்தச் சரிவில் வண்டிக்குள் மார்லிஸ், ஈஸ்டர் தொப்பியோடு. பக்கத்து இருக்கையில் டெல்லாவையும் ஏற்றிக்கொள்வாள்.

கடவுளே, நான் என்ன செய்தேன்.

எழுந்து ஓடினார்.

கராஜுக்குள் ராட்செட் சத்தம். இம்முறை அவர் கதவைத் திறந்தும் அது நிற்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஸ்டாண்டுகளில் அப்படியே நின்றது. அடியில் இருட்டு. இருட்டுக்குள், தரையோடு தரையாக, படுத்திருந்த ஏதோ ஒன்று நகர்ந்து இடம் மாற்றிக்கொண்டது.

சத்தம் நின்றது.

புது ரப்பர் வட்டு அடியிலிருந்து உருண்டு வந்து, அவர் காலருகே சாய்ந்து விழுந்தது.

பிறகு ஒரு கை வந்தது.

முழங்கை வரை. கிரீஸ். கிரீஸுக்கு அடியில் தோல் வெளுப்பு, ஏரியின் அடியில் கிடந்ததைப்போல். உள்ளங்கை மேலே திரும்பி விரிந்தது. வண்டிக்கு அடியில் கிடக்கிறவன் வெளியே நிற்கிறவனிடம் சாமான் கேட்டு நீட்டுகிற மாதிரி. பார்க்காமல். பேசாமல். கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு.

ஹார்லன் ஓடியிருக்கலாம். வாசல் பின்னால்தான் இருந்தது.

தொட்டியில் கைவிட்டுத் துழாவினார். டயர் வட்டு கிடைத்தது. சட்டையால் துடைத்தார். முழங்கால்கள் சில்லென்ற தரையைத் தொட்டன. ஓரினின் வட்டை ஓரினின் உள்ளங்கையில் வைத்தார்.

“மன்னிச்சிடு,” என்றார். அவருக்கே கேட்கவில்லை.

விரல்கள் மூடின. வட்டின் மேல். அவருடைய விரல்களின் மேலும்.

அவர் இழுக்கவில்லை. அதுவும் இழுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. வட்டு மட்டும் அவர் விரல்களுக்கிடையிலிருந்து மெல்ல நழுவி உள்ளே போனது. யாரோ உள்ளிருந்து வாங்கிக்கொண்டதைப்போல். பிடி தளரவில்லை.

அடியில், இன்னொரு கை நட்டை முறுக்கத் தொடங்கியது.

டிக்.

டிக்.

டிக்.