இரண்டு கைகளில் ஒரு கேமரா

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கலீல் ரஹ்மான் பிரியாணித் தட்டின் முன் உட்கார்ந்த நேரம் பார்த்து உடையப்பன் வந்து சேர்ந்தான். ஷார்ஜா ரோலாவில் ஒரு கேமராக் கடையில் மெக்கானிக். கண்கள் வீங்கியிருந்தன.

"கலீல் பாய், நாளைக்கு என் விசாவ கேன்சல் பண்றேன்னுட்டாரு கடை அர்பாப். நீங்கதான் காப்பாத்தணும்."

கலீல் இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர். கிடங்கு தீப்பிடித்தால் எப்படிப் பிடித்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. அதனாலேயே ஊர்க்காரர்கள் தங்கள் குழப்பங்களையெல்லாம் அவர் தலையில் கட்டுவார்கள். அவருடைய அறைத்தோழன் சரவணகுமார், வேன் டிரைவர், யாரும் கேட்காமலே தன்னை அவருக்கு உதவியாளனாக நியமித்துக்கொண்டவன்.

"முதல்ல சாப்பிடு. சாப்பிட்டுக்கிட்டே சொல்லு" என்றார் கலீல்.

உடையப்பன் சோற்றைத் தொடவில்லை. "கீழக்கரை ஜெய்னுலாப்தீன் முதலாளியோட பழைய கேமரா பாய். பேட்டரியே கிடையாது. வெளிச்சம் பட்டா மீட்டர் முள்ளு ஆடும், அதப் பாத்துத்தான் எடுக்கணும். முள்ளு செத்துப்போச்சுன்னு கொண்டாந்தாரு. உடைஞ்ச கேமரா ஒண்ணுலேருந்து வெளிச்சத்த அளக்குற செல்ல எடுத்துப் போட்டேன். எடுத்துப் பாத்தேன், படம் பளிச்சுனு வந்துச்சு. அவரு மக நிக்காஹ்ல எடுத்தா அத்தனையும் இருட்டு! திரும்பக் கொண்டாந்தாரு. நான் எடுத்தா பளிச்சு. அவரு வீட்டுக்குக் கொண்டுபோய் எடுத்தா மறுபடி இருட்டு. என் கை மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு."

"கேமராவ மாத்திட்டாங்க! இல்லன்னா லேப்காரன் வேலை" என்றான் சரவணகுமார். ஒரே மூச்சில் இரண்டு பேரைக் குற்றவாளியாக்கிவிட்டதில் அவனுக்கு ஏகத் திருப்தி.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கடை திறந்தது. கலீல் சொன்னபடி ஜெய்னுலாப்தீன் கேமராவோடும் பழைய ஆல்பத்தோடும் வந்திருந்தார். கடையின் உரிமையாளரான அர்பாப் மேஜைக்குப் பின்னால் உடையப்பனின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போதோ சாகவேண்டிய பழைய கேமராவுக்காக நல்ல வாடிக்கையாளரை இழக்க அவருக்கு விருப்பமில்லை.

"ஆல்பத்துல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கலீல் பக்கங்களைப் புரட்டினார்.

"பின்னே? பத்து வருஷமா நான் எடுத்தது. இந்தத் தம்பி கை வெச்ச பொறவுதான் நாசம்" என்றார் ஜெய்னுலாப்தீன். "என் மவ நிக்காஹ் திரும்ப வருமா?"

கலீல் விசாரித்ததில், நல்ல படம், இருட்டுப் படம் எல்லாவற்றையும் கழுவிய லேப் ஒன்றே. பிலிமும் எப்போதும் நூறு வேகம்தான்; அந்த எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். கேமராவின் அடியில் ஜெய்னுலாப்தீன் ஊசியால் கீறிய பெயர் அப்படியே இருந்தது. சரவணகுமாரின் குற்றவாளிகள் இருவரும் விடுதலையானார்கள். பிலிம் வேகத்தைக் குறிக்கும் வளையத்தில் நானூறுக்கு நேரே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"அழகுக்கு வெச்சிருப்பாங்க" என்றான் சரவணகுமார், குரல் இறங்கி.

கலீல் ஒரு நூறு வேக பிலிமை உடையப்பனிடம் கொடுத்தார். "மாட்டு."

உடையப்பன் பிலிம் பெட்டியிலிருந்த எண்ணைப் பார்த்தான், பிலிமை மாட்டினான், வளையத்தை நூறுக்குத் திருப்பினான். வாசலில் ஒரு படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இப்ப நீங்க எடுங்க, முதலாளி."

ஜெய்னுலாப்தீன் கேமராவை வாங்கினார். கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கட்டைவிரல் வளையத்தைச் சிவப்புப் புள்ளிக்கு நகர்த்தியது.

"அப்படியே நில்லுங்க" என்றார் கலீல். "அத ஏன் திருப்புனீங்க?"

"எதை? ஓ, இதா. இந்தக் கேமராவுக்கு நானூறுதான் ராசி. கீழக்கரை ஸ்டுடியோக்காரர் சொன்னது. மறந்துடக் கூடாதுன்னு என் மவ ஹிஃப்ஸா சின்னப்புள்ளையில பொட்டு வெச்சா. இவன் ஒவ்வொரு தடவையும் கலைச்சு வெச்சுடுறான்!"

"அந்த ஸ்டுடியோக்காரர் கெட்டிக்காரர். உங்க மீட்டர் அப்பவே தளர்ந்துபோச்சு. இருக்குற வெளிச்சத்துல கால்வாசியத்தான் காட்டுச்சு. அத நம்புனா படம் வெளுத்துடும். நானூறுல வெச்சா கேமரா கால்வாசி வெளிச்சம் போதும்னு நெனைக்கும். ஒரு தப்ப இன்னொரு தப்பு அடிச்சுச்சு, படம் சரியா வந்துச்சு. உடையப்பன் மீட்டரச் சரிபண்ணிட்டான். உங்க திருத்தம் மட்டும் மிச்சம் நின்னுச்சு. அதான் இருட்டு."

"புள்ளி எதுக்குன்னு நீ கேக்கலையா?" என்றான் சரவணகுமார்.

"தெரியாம திரும்பியிருக்கும்னு நெனைச்சேன்" என்றான் உடையப்பன், பரிதாபமாக.

ஜெய்னுலாப்தீன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கேமராவையும் உடையப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. சொந்த மகளின் நிக்காஹ் படங்களைத் தானே கெடுத்தது அதைவிட வலித்தது. அர்பாப் பக்கம் திரும்பி, "கல்தி மேரா ஹை, அர்பாப். இவன்மேல குத்தம் மாஃபி" என்று, தப்பு தன்னுடையதுதான், இவனுடையதில்லை என்பதை மூன்று மொழி கலந்து சொன்னார்.

"கலாஸ்", விஷயம் முடிந்தது என்று அர்பாப் பாஸ்போர்ட்டைப் பழையபடி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்; விசா தப்பியது.

கலீல் எழுந்தார். ஆனால் ஜெய்னுலாப்தீன் செல்போனை எடுத்து ரியாத்தில் புருஷன் வீட்டில் இருக்கும் மகளை அழைத்தார். அந்த போனில் பேசினால் கடை முழுக்கக் கேட்கும்.

"ஹிஃப்ஸா... உன் படத்தைக் கெடுத்தது அந்த மெக்கானிக் இல்லம்மா. வாப்பாதான்."



"அவர ஊருக்கு அனுப்பச் சொன்னீங்களே வாப்பா, அனுப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. இங்கதான் நிக்கிறான்."

"போன அவருகிட்ட குடுங்க. நானும் அவர ரொம்ப ஏசிட்டேன்."