இல்லாத கட்டிலின் மணி

அந்த மணி முதலில் அடித்தபோது வார்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் உண்டு. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கேட்டதில் பாதியை நானே ஒட்டுப்போட்டிருக்கவும் கூடும். ஆனால் மணியைச் சரிசெய்ய வந்த அவன் சிரித்தான் என்பது மட்டும் நிச்சயம். எல்லோருக்கும் நினைவில் நின்றது அந்தச் சிரிப்புதான்.

ஒரு பிற்பகலில் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தான். மாடிப்படியில் ஈரச் சுண்ணாம்பு வாடையும் கிருமிநாசினி வாடையும் கலந்து தேங்கிக் கிடந்தன. அங்கே நோயாளி கட்டிலோரப் பொத்தானை அமுக்கினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். நர்ஸ் பதில் தட்டினால் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பச்சை விளக்கு எரியும், 'கேட்டுவிட்டது, வருகிறோம்' என்பதுபோல. மணிப்பெட்டிக்கும் மேசைக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேச்சைக் கடத்தும் சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். கம்ப்யூட்டரின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள். பழைய டிரைவரை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதைப் புதியதற்கு ஏற்றபடி திருத்தி எழுதுவது அவன் வேலை.

அவனுடைய அப்பாவும் அதே வார்டில், கோடியில் இருந்த பதினோராம் கட்டிலில் படுத்திருந்தார். நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எழுந்து நடக்கக் கூடாது. சத்தம் போட்டுக் கூப்பிட மூச்சு போதாது. அந்தப் பொத்தான்தான் அவருக்குக் குரல். அதனாலேயே இந்த வேலையை அவன் கேட்டு வாங்கியிருந்தான். உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் அரைகுறைகள் என்பது அவன் முடிவு.

"பழசு ஒழுங்காத்தானே ஓடிச்சு?" என்றார் நர்ஸ் மேசையில் இருந்த பெரிய சிஸ்டர்.

"ஓடிச்சுன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருந்தீங்க."

பழைய டிரைவரைத் திறந்து படித்தான். படிக்கப் படிக்க உதடு கோணிக்கொண்டே போனது. கடைசிப் பகுதியில் ஒரு வரி. பன்னிரண்டாம் கட்டிலிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்காதே, யாருக்கும் சொல்லாதே, நீயே பச்சை விளக்கைப் போட்டுவிடு.

வார்டில் பன்னிரண்டாம் கட்டிலே கிடையாது. அப்பாவின் கட்டிலுக்கு அப்பால் போர்வை அடுக்கிய ஓர் இரும்பு அலமாரி, அதற்குப் பின்னால் சுவர்.

அப்பாவிடம் போய்ச் சொன்னான். "எழுதின கழுதை, இல்லாத கட்டிலுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கான்ப்பா."

"மரியாதை தெரிஞ்சவன் போல," என்றார் அப்பா, மூச்சை இழுத்து. "நீயும் கத்துக்கோ."

அவன் சிரித்தபடி வந்து அந்த வரியை அழித்தான். புதிய டிரைவரை ஓடவிட்டான்.

மணி அடித்தது.

திரையில் பன்னிரண்டு மின்னியது.

"அப்படி ஒரு கட்டிலே இல்லையே, கம்ப்யூட்டர் சார்," என்றார் பெரிய சிஸ்டர். "நீங்க கை வச்ச நேரம்."

"ஒண்ணுமில்ல. கம்பி எங்கயோ சும்மா தொங்கிட்டு இருக்கு." மறுபடி சிரித்தான்.

அலமாரியை நகர்த்திப் பார்த்தான். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி வெட்டப்பட்டு, நுனியில் செம்பு பச்சை பூத்திருந்தது. அங்கே மட்டும் காற்று சில்லென்று இருந்தது. வெகுநாள் துவைக்காத துணியின் வாடை. மணிப்பெட்டிக்கு வந்து பன்னிரண்டாம் கம்பியைப் பிடுங்கி மேசைமேல் போட்டான்.

பன்னிரண்டு மீண்டும் மின்னியது.

இப்போது சிரிக்கவில்லை. பயமும் படவில்லை, எரிச்சல்தான். 'பன்னிரண்டைக் கேட்காதே' என்று டிரைவரில் எழுதி அதன் வாயை அடைத்தான். வார்டு அமைதியானது.

கொஞ்ச நேரம்தான்.

அடுத்து மின்னியது பதினொன்று.

அவன் போனபோது அப்பாவின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.

"நான் அமுக்கலடா," என்று முணுமுணுத்தார். "யாரோ என் விரலைப் பிடிச்சு அமுக்குறாங்க. ரொம்ப நேரமா கூப்பிட்டுட்டு இருக்காங்க போல. பாவம், யாராவது போய்ப் பாருங்களேன்."

"மருந்து மயக்கம்ப்பா. கண்ணை மூடித் தூங்குங்க."

திரும்பி வருவதற்குள் பதினொன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய சிஸ்டர் காதைப் பொத்தினார். அவனுக்கு இதற்கு மருந்து தெரியும். நடுங்கும் கை ஒரே அழுத்தத்தில் பொத்தானைப் பலமுறை தட்டிவிடும்; முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்தொடர்வதைச் சிறிது நேரத்துக்கு உதறிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். அந்தச் சிறிது நேரத்தை அவன் தாராளமாக வைத்தான்.

சத்தம் நின்றது. மேசையில் சாய்ந்து உட்கார்ந்தான். டிரைவர் உள்ளே என்ன செய்கிறது என்பது மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்று அழைப்பு. உதறப்பட்டது.

பதினொன்று அழைப்பு. உதறப்பட்டது.

வரிகள் வேகமாக ஏறின. கச்சிதமாக வேலை செய்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

பதினொன்று அழைப்பு. உதறப்பட்டது.

பிறகு வரிகள் நின்றன.

அப்போதுதான், கோடியில் இருந்த திரைச்சீலைக்குப் பின்னால் இருமல்கூடக் கேட்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

ஓடினான். அப்பாவின் வாய் திறந்திருந்தது. கட்டைவிரல் பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. விரலை எடுத்துப் பார்த்தார் பெரிய சிஸ்டர். நகத்தின்மேல் இன்னொரு விரலின் தடம் வெளுத்துப் பதிந்திருந்தது. சின்ன விரல்.

"எப்பவுமே இவரு ஒரு தடவைதான் அமுக்குவாரு," என்றார் அவர், அவனைப் பார்க்காமல். "நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?"

உதறிய அழைப்புகளில் எது அப்பாவுடையது, எது மற்றதுடையது என்று அவனால் சொல்ல முடியவில்லை. டிரைவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

பெரிய சிஸ்டர் வேறு வார்டுக்கு மாற்றல் வாங்கிப் போனார். பதினோராம் கட்டிலை எடுத்துவிட்டு அங்கே இன்னோர் அலமாரி வைத்தார்கள். கம்பியை அவனே வெட்டினான். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவனே போய் டிரைவரை மாற்றி எழுதினான், கண் மங்கும்வரை. இப்போது அதைப் பார்ப்பது வேறொரு பெண். எழுதிய கழுதை இல்லாத இரண்டு கட்டில்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அவள் சிரிக்கிறாள். அந்த வரிகளை இன்னும் அழிக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு பன்னிரண்டு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

பதினொன்று தினமும் கூப்பிடுகிறது. ஒரே ஒரு தடவைதான்.