ஒரு தாள் இடைவெளி

தாள் உள்ளே போயிற்று.

கார்க் கண்ணாடியை மேலே ஏற்றி, அதன் விளிம்புக்கும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவே, தினசரி காலண்டரில் கிழித்த தாளை நீளமாகக் கத்தரித்து வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார் ரகுராம். தாளில் பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியைப் பிடித்து இழுத்தால், இறுக்கமான இடத்தில் தாள் நகராது. இடைவெளி இருக்கும் இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மழைத் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி அவருக்குத் தெரியாது. ஆனால் தாள் வெளியேதான் வர வேண்டும்.

துணியை எடுக்கத் திரும்பியவர், மெல்லிய உரசல் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். தாளின் நுனி கண்ணாடி ஓரத்தில் வால் போல ஒரு கணம் நின்றது. பிறகு அதுவும் உள்ளே போனது. ஓட்டுநர் இருக்கையின் வெடித்த தோல்மேல் தாள் கிடந்தது. காருக்குள் யாரும் இல்லை. ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் கார்.

காற்று, என்று சொல்லிக்கொண்டார். தகர ஷெட்டின் கதவு சாத்தியிருந்தது. விளக்கைச் சுற்றியிருந்த ஒட்டடை ஆடவில்லை.

ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில் இருந்த அந்த வீடு பெரியது. மனைவி குமுதவல்லி இருந்தவரை அது பெரியதாகத் தெரிந்ததில்லை. வீட்டில் பேச வேண்டிய பேச்சு மொத்தத்தையும் அவளே பேசிவிடுவாள். ரயில்வேயில் கணக்கு எழுதிவிட்டு வருகிறவர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. அவள் போன பிறகுதான் தனக்குப் பேசவே வராது என்பது அவருக்குத் தெரிந்தது. மகள் மைத்ரேயி புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள்.

"சாப்டேளா?"

"ஆச்சு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

அடுத்து என்ன சொல்லலாம் என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே, "அப்பா, லைன்ல இருக்கேளா?" என்பாள். இருக்கிறேன் என்று சொல்வதற்குள் வைத்துவிடுவாள்.

கார் வாங்கியதைச் சொன்ன அன்றுதான் அவள் சிரித்தாள். "நீங்களா? ஸ்போர்ட்ஸ் காரா? ஐயோ அப்பா! ஐப்பசி கடைசில வரேன். அதுல என்னை முக்கொம்புக்குக் கூட்டிண்டு போகணும், சொல்லிட்டேன்."

அம்மாவின் காரியங்கள் முடிந்துபோன பிறகு அவள் இந்தப் பக்கமே வரவில்லை. அவரிடம் அவள் எதையும் கேட்டதும் இல்லை. இப்போது கேட்டிருக்கிறாள். ஐப்பசியில் மழை விடாது. கதவு இரண்டும் சல்லடை போல ஒழுகுகின்றன. அவள் மேல் ஒரு சொட்டு விழக்கூடாது. வேறு எந்த யோசனையும் இல்லாமல் அதை ஒன்றையே நினைத்துக்கொண்டு அவர் எழுந்தார், அதையே நினைத்துக்கொண்டு படுத்தார்.

கார் கிடைத்தது ஜீயபுரத்தில், பீமராவ் என்பவருடைய வாழைத்தோப்பில். மனிதர் கலகலப்பானவர். ஆனால் காருக்குப் பக்கத்தில் மட்டும் வரவில்லை. பம்பு செட்டு ஓரமாக நின்றபடியே, "சாவி இந்தாங்க சார், பிடிச்சுக்குங்க!" என்று அங்கிருந்தே தூக்கிப் போட்டார். காபி கொண்டுவந்த அவர் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "முன்னெல்லாம் இவர் வாயையே திறக்க மாட்டார் சார். மூக்குப்பொடி டப்பாவும் கையுமா எந்நேரமும் அந்தக் காருக்குள்ளயே கெடப்பார். போன தீபாவளிக்கு ஒரே நாள்ல பொடியையும் விட்டார், காரையும் விட்டார். அன்னிலேருந்து ஆளே மாறிட்டார். நல்லாப் பேசறார்." மகிழ்ச்சியாகத்தான் சொன்னாள். ஆனால் கணவரைப் பார்த்த பார்வை, வீட்டில் தங்கிவிட்ட விருந்தாளியைப் பார்ப்பது போல இருந்தது.

பழைய பீடிங்கைக் கழற்றியபோது அதன் உள்பக்கம் முழுவதும் பிராண்டப்பட்டுப் பிய்ந்திருந்தது. எலி என்று நினைத்துக்கொண்டார்.

தாள் உள்ளே போனதற்கு மறுநாள் மாலை, கண்ணாடியைச் சுற்றிலும் தாள்களை வரிசையாகச் செருகிவிட்டு வேண்டுமென்றே காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பெரும்பாலானவை வைத்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. பின்மூலையில் இருந்தவை மட்டும் உள்ளே, இருக்கையின் மேல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தார். சரியாக அந்த மூலையில்தான் ஒழுகியது.

அடுத்த நாள் அவர் ஷெட் பக்கம் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து டிவியைப் போட்டார், அணைத்தார். காவிரிப் பாலத்தில் ரயில் போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அது தேய்ந்து அடங்கியதும் சமையலறைக் குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது. அதையும் எழுந்துபோய் நிறுத்தியதும், ஆளில்லாத வீட்டுக்கே உரிய அந்த அடர்த்தியான ஓசையின்மை சுவரிலிருந்து இறங்கி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் போனார். ஒருவர் வெளியே நின்று தாளை இழுக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து பார்க்கிற வேலை அது. இரண்டு பேர் வேலை. அவர் வாழ்க்கையில் இரண்டு பேர் செய்கிற காரியம் என்று வேறு எதுவும் மிச்சமில்லை.

தாள்களைச் செருகினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னிக்கு எந்தப் பக்கம்?"

பிறகு இடது கதவின் மேல் விளிம்பில் ஒரு தாள், தயங்கித் தயங்கி, உள்ளே போயிற்று.

அன்றிலிருந்து வேலை சுலபமாயிற்று. கதவின் உட்பலகையைக் கழற்றி, அடியிலிருந்த நட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பினால் கண்ணாடி உள்பக்கம் சாய்ந்து பீடிங்கில் அழுந்தும். கூடுதலாகத் திருப்பினால் கதவே சாத்தாது. எங்கே எவ்வளவு என்று அது காட்டியது. அவர் திருப்பினார். குமுதவல்லி கடைசியில் தண்ணீர் கேட்டதை, மகளிடம் என்ன பேசுவது என்று தெரியாததை, யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஸ்பேனரைப் பிடித்தபடி சொன்னார். உள்ளேயிருந்து பதில் வராது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. பயத்தோடுதான் பேசினார். தனியாக இருப்பதற்கு அது தேவலையாக இருந்தது.

வீடு பெருக்க வரும் வள்ளிக்கண்ணு ஒருநாள் ஷெட் வாசலில் விளக்குமாறோடு நின்றுவிட்டாள்.

"என்ன சார், காரோட பேசிக்கிட்டிருக்கீங்க? அது என்ன, பதில் சொல்லுதா?"

"சும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. அதிர்ஷ்டக்கார காருதான்." எட்டிப் பார்த்தவள் அடுக்கடுக்காகத் தும்மினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "யாரு சார் இங்க மூக்குப்பொடி போடறது? இந்த நெடி நெடிக்குது!"

"யாரும் இல்லையே."

அவள் போன பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தார். பெட்ரோல், புது ரப்பர், நனைந்த தோல். அவற்றுக்கெல்லாம் அடியில், காரமாக, அது இருந்தது.

மைத்ரேயி வருவதற்கு முந்தின நாள் மாலை நல்ல மழை. தகரக் கூரையில் சரளைக் கல்லைக் கொட்டுவது போல இரைந்தது. எல்லாத் தாளையும் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூட வெளியே வரவில்லை. குழாயால் அடித்தார், ஒரு சொட்டு இறங்கவில்லை. முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

ஓட்டுநர் கதவில் செருகியிருந்த தாள் லேசாகத் துடித்தது. உள்ளே வரச் சொல்வது போல.

கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாத்தினார். இரண்டு கண்ணாடியையும் கடைசிவரை சுற்றி ஏற்றினார். கூரையின் இரைச்சல் பாதியானது, கால்வாசியானது. பிறகு நின்றது. மழை பெய்துகொண்டிருந்தது, கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக ஒழுகுவது தெரிந்தது, ஆனால் சத்தம் இல்லை. கோயில் ஒலிபெருக்கி இல்லை. ரயில் இல்லை. கூடத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓசையின்மை போல அது அழுத்தவில்லை. கண்ணை மூடினார்.

மூக்குப்பொடி நெடி பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்தது. தோளில் சாய்ந்தது. அவர் மூச்சோடு உள்ளே போனது.

பிறகு நெடி இல்லை.

துளிகூட இல்லை.

கண்ணைத் திறந்தார். காருக்கு முன்னால் ஒருவர் நின்று துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தார். ரகுராமுடைய துண்டு. அவருடைய நீலச் சட்டை. அந்த மனிதர் ஆழமாக மூச்சை இழுத்தார், கழுத்தை இரண்டு பக்கமும் வளைத்து நெட்டி முறித்தார், திரும்பினார். ரகுராம் தினமும் சவரம் செய்கிற முகம்.

ரகுராம் கதவைத் திறக்கப் பார்த்தார். கைப்பிடி கைக்கு அகப்படவில்லை. கத்தினார். கத்தியது அவருக்கே கேட்கவில்லை. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்சுவர் தெரிந்தது. இருக்கை தெரிந்தது. அவர் தெரியவில்லை.

அந்த மனிதர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

இருட்டில் அவர் பீடிங்கை நகத்தால் பிராண்டினார். பிராண்டிக்கொண்டிருக்கும்போதே புரிந்தது, எலி இல்லை என்று. இடது கதவுத் தாளின் உள்நுனி மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு தாளை இழுக்கிற பலம். அவ்வளவுதான் அவரிடம் மிச்சம் இருந்தது. இழுத்தார். தாள் நகரவில்லை. அவ்வளவு நன்றாகப் பொருத்தியிருந்தார்.

மறுநாள் ஷெட் திறந்தபோது வெளிச்சத்தோடு மைத்ரேயி உள்ளே வந்தாள். அம்மாவின் நடை. கூடவே அந்த மனிதர். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவர் தோளில் தட்டுகிறாள். ரகுராமின் தோளில் அவள் ஒருநாளும் தட்டியதில்லை.

அவள் காரிடம் வந்தாள். அந்த மனிதர் வரவில்லை. வாசலிலேயே, எட்ட நின்றுகொண்டார்.

கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து அவள் உள்ளே பார்த்தாள். அவர் முகத்துக்கு நேராக அவள் முகம். அவள் பார்த்தது காலி இருக்கையை. அவள் மூச்சு கண்ணாடியில் படர்ந்தது. நெருங்கிப் பேசியதால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

"என்னப்பா, ஒரே நாள்ல இவ்ளோ பேசறேள்! யாரு உங்களை மாத்தினா, இந்தக் காரா?"

தொங்கிக்கொண்டிருந்த தாளை அவள் பிடித்து இழுத்தாள். மறுநுனியை அவர் பிடித்தார். முழுப் பலத்தோடு இழுத்தார். மைத்து. மைத்து. நான் இங்க இருக்கேன்.

"அப்பா! நகரவே இல்ல! சூப்பரா இருக்கு!"

தாள் கிழிந்தது. அவள் கையில் பாதி, அவர் கையில் பாதி.

"இருங்கோ, நான் உள்ள உக்காந்து கதவச் சாத்திப் பாக்கறேன்."

அவர் வாசலைப் பார்த்தார். அந்த மனிதர் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இறங்கப் போகிறவர், நிற்கிற ஆளுக்கு இடத்தைக் காட்டித் தலையசைப்பாரே, அப்படித் தலையசைத்தார். உன் முறை. அப்போது எல்லாம் தெளிவானது. ஒருவர் வந்து உட்கார்ந்தால், உள்ளே இருப்பவர் அந்த உடம்பில் வெளியே போகலாம்.

கதவின் லாக் குமிழ்மேல் ரகுராம் விழுந்தார். ஒரு தாளை இழுக்கிற பலத்தை முழுவதும் பத்து விரலுக்கும் கொடுத்து அழுத்தினார். குமிழ் இறங்கியது.

அவள் இழுத்தாள். மறுபடி இழுத்தாள். "லாக் ஆயிருக்குப்பா."

அந்த மனிதர் சட்டைப்பையில் கை விட்டார். சிரித்தபடி, எட்ட நின்றபடியே, சாவியைத் தூக்கிப் போட்டார். அவள் பிடித்துக்கொண்டாள்.

பூட்டில் சாவி நுழைவது விரல் நுனியில் தெரிந்தது. குமிழ் மேலே வந்தது. அழுத்தினார். வந்தது. அழுத்தினார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஈரத்தின் வாசனை எப்படி இருக்கும். காபி. அவளிடம் பேச இப்போது அவருக்கு எவ்வளவு இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள், சின்ன வயதில் அலமாரியைத் திறக்கும்போது கடித்துக்கொள்வாளே, அதேபோல. அழுத்தினார். அழுத்திக்கொண்டேயிருந்தார்.

ஒரு விரல் மட்டும், அவரைக் கேட்காமல், மெல்ல விலகியது.