தார்ப்பாய்க்குள் வெயில்

"எழுதிக்குங்க மேடம். பாலத்துக்கிட்ட நான்தான் பிரேக்கை ஓங்கி மிதிச்சேன். படகு துள்ளி விழுந்துச்சு. தப்பு என்னோடது."

லாரி ஓட்டுநர் உட்காரக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த தாளை மேசையில் வைத்து, அது பறந்துவிடும் என்பதுபோல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் மோட்டார் பிரிவில் ஆறு வருடம் பொய் கேட்டுக் கேட்டு, யார் வாயைத் திறந்தாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வந்திருந்தது அவளுக்கு. வீட்டில் கணவனிடம்கூட. சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயரின் உதவியாளராக மாறி வந்தும் அது போகவில்லை. இதில் கழிக்க என்ன இருக்கிறது? ஏரிக்கரைப் படகுத்துறை முதலாளி வாங்கிய புது மரப்படகு, லாரியில் வந்த வழியில் பிளந்துவிட்டதாகப் புகார். ஏற்றியது முதல் இறக்கும்வரை காப்பீடு உண்டு. ஓட்டுநரே ஒப்புக்கொண்டாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோப்பை மூடிவிடலாம்.

சர்வேயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர்.

"படகு யார் கட்டினது?"

ஓட்டுநரின் கை தாளைவிட்டு எழுந்தது. "எங்க அண்ணன், சார்."

"அவருக்கு இது தெரியுமா?"

"வேணாம் சார். ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா கிடந்து எழுந்து, கட்டின முதல் படகு. இதுவும் சரியில்லைன்னா மறுபடி உளியையே தொட மாட்டாரு. எனக்கு லோடு குடுக்காட்டிப் போறாங்க. என் பேரையே எழுதுங்க."

அவர் வெளியே போனதும் சர்வேயர் சொன்னார்: "இங்க வர்றவங்க எல்லாம் 'நான் பண்ணலை'ம்பாங்க. இவர் 'நான்தான்'ங்கறார். வாம்மா, படகையே கேட்டுடுவோம்."

படகுத்துறையின் வாசலில் காவலாளி அறை. அதை அடுத்து மதிலோரமாகப் பச்சைப் புல்வெளி. நடுவே புல் மஞ்சளித்துப்போன இரண்டு பட்டைகள். பெஞ்சு போட்டிருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் தாண்டிப் போனாள்.

"இறக்கின அன்னிக்கே தார்ப்பாயோட ஷெட்டுக்குள்ள தள்ளிட்டேன்," என்றார் முதலாளி. "பதினஞ்சு நாள் கழிச்சு நேத்துதான் பிரிச்சேன். பாருங்க இந்தக் கொடுமையை!"

அவள் படகுக்குள் இறங்கிக் குனிந்தாள். இடப்பக்கப் பலகைகளுக்கு நடுவிலிருந்து வெளிச்சம் கீற்றுக் கீற்றாக அவள் கையில் விழுந்தது. இடுக்குகளில் நகம் நுழைந்தது. வலப்பக்கத்தில் ஒரு கீற்றும் இல்லை. இடப்பக்கத்திலும் பின்பகுதி இறுக்கமாகவே இருந்தது. அங்கே வார்னிஷ் தேன் நிறம், முன்னால் வெளிறிப்போயிருந்தது. மோதின வண்டியைத் தேடுவதுபோல் தேடிப்பார்த்தாள். ஒரு நசுங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை.

சர்வேயர் போன் போட்டு ஓட்டுநரையும் வரவழைத்தார். எல்லோரும் வந்து நின்ற பிறகுதான் பேசினார்.

"துள்ளி விழுந்த படகுல ஆணி நகரும், அடிக்கட்டை அடிபடும். இதுல ஒரு ஆணிகூட அசையலை. பலகை உடையலைங்க, காஞ்சு சுருங்கியிருக்கு. அதுவும் ஒரு பக்கம் மட்டும், அதுலயும் முன்பகுதி மட்டும். ஓடுற லாரியில வெயில் ஒரே இடத்துலயா நிக்கும்? இது எங்கேயோ நாள்கணக்கா அசையாம நின்னிருக்கு. ஒரு பக்கம் சுவர். பின்னால ஏதோ ஒண்ணு நிழல் குடுத்திருக்கு."

"புல்லு!" என்றாள் அவள், தன்னையறியாமல். "சார், வாசல்ல மஞ்சளா ரெண்டு பட்டை! காவலாளி ரூம் நிழல் விழற இடம்!"

அளவுநாடாவோடு ஓடினாள். படகு உட்கார்ந்திருந்த தாங்கிகளின் இடைவெளியும் பட்டைகளின் இடைவெளியும் விரற்கடை பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"தார்ப்பாய்க்குள்ள வெயில் எப்படிங்க வந்துச்சு?" என்றார் சர்வேயர்.

முதலாளி அங்கேயே கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவு அழகா இருந்துச்சு சார். வாசல்ல வச்சேன். வர்றவங்க எல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாங்க. இதுவரைக்கும் நான் ஃபைபர் படகுதான் வச்சிருந்தேன், மரம் இப்படிப் பண்ணும்னு தெரியாது. பிளந்ததும் பயந்துட்டேன். படகே போச்சே!"

"போகலை. தண்ணியில இறக்குங்க."

"முழுகிடும் சார்!"

"முழுகட்டும்."

ஆழமில்லாத இடத்தில் இறக்கினார்கள். இடுக்குகள் வழியே ஏரி உள்ளே புகுந்தது; இருக்கைப் பலகைவரை நிரம்பி, படகு மணலில் அமர்ந்தது. ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை தண்ணீரை இறைத்தார்கள். வாளி வாளியாகக் குறையக் குறைய, படகு மணலைவிட்டு மெல்ல எழுந்தது. அவள் உள்ளே மண்டியிட்டு, திரும்பவும் நீர் ஊறிவரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நேற்று நகம் நுழைந்த இடத்தில் இன்று தலைமுடிகூட நுழையாது. யாரும் தொடாமல், யாரும் பார்க்காமல், மரம் தனக்கு வேண்டியதைக் குடித்துத் தன்னைத் தானே மூடிக்கொண்டிருந்தது. இதில் எந்தப் பாதியையும் கழிக்கத் தோன்றவில்லை. அறிக்கையில் இரண்டே சொல் எழுதினாள்: சேதம் இல்லை.

ஓட்டுநர் கையெழுத்துப் போட்டுத் தந்த தாளைச் சர்வேயர் மடித்து அவரிடமே நீட்டினார். "இது என் கைக்கு வரவே இல்லை. அண்ணனுக்குப் போன் போடுங்க."

ஓட்டுநர் படகுக்குள் உட்கார்ந்து, திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் போட்ட சத்தம் அவளுக்கும் கேட்டது.

"மடையா! காஞ்ச படகு தண்ணி குடிச்சா கூடிக்கும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேடா! எனக்காகப் பழியைத் தூக்கிக்கிட்டியா நீ?"

பிறகு, குரல் இறங்கி: "எப்படிடா மிதக்குது?"

ஓட்டுநர் போனைப் பலகையோரம் தாழ்த்திப் பிடித்தார். அடியில் ஏரி மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் அவள்.

"உஷ்," என்றது போன். "கேக்குது."